நிற்கும் கலை – 9: ‘எதையும் தொடாதே’

சென்ற வாரம் லண்டனில் இருந்தோம். 1968 செப்டம்பர் 1 அன்று விக்டோரியா தடத்தில் ஓட்டுநர் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். ரயில் தானாகக் கிளம்பியது, அடுத்த நிலையத்தில் தானாகவே நின்றது.

அதற்காகத் தலைமை சிக்னல் பொறியாளர் ராபர்ட் டெல்லின் குழு, நிலையத்தை நெருங்கும் தண்டவாளத்தில் ஆங்காங்கே மின்குறிகளை வைத்திருந்தது. அந்த இடத்தில் இருக்க வேண்டிய வேகத்தை ஒவ்வொரு குறியும் ஓர் அதிர்வெண்ணாகச் சொன்னது. மணிக்கு ஒரு மைலுக்கு 100 ஹெர்ட்ஸ் என்பது கணக்கு. 3,000 ஹெர்ட்ஸ் கேட்டால் 30 மைல். ரயில் அதைத் தன் வேகத்தோடு ஒப்பிட்டுப் பிரேக்கைக் கூட்டிக்கொள்ளும் அல்லது குறைத்துக்கொள்ளும். எளிமையான, உறுதியான ஏற்பாடு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

ஆனால் 1970களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வகம் ஒன்றில் இரண்டு பொறியாளர்கள் வேறொரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள். இயந்திரம் ரயிலை நிறுத்திவிடுகிறது, சரி. ஒரு கைதேர்ந்த ஓட்டுநர் நிறுத்துவதைப் போல அதனால் நிறுத்த முடியுமா?

இருபத்தைந்து நொடிகள்

கதைக்குள் போகுமுன் ஒரே ஒரு நிறுத்தத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். அதன் கஷ்டம் புரிந்தால்தான் பிறகு நடந்ததன் அருமை புரியும்.

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தை நெருங்குகிறது. அதாவது நொடிக்கு 20 மீட்டர். நின்றுகொண்டு வரும் பயணிகள் தடுமாறாதபடி, ஒவ்வொரு நொடியும் அந்த வேகத்தில் 0.8 மீட்டர் குறையுமாறு பிரேக் பிடிக்கிறோம். ரயில் நிற்க 25 நொடி ஆகும். அதற்குள் 250 மீட்டர் ஓடியிருக்கும்.

இப்போது, பிரேக் கேட்டதைவிடப் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைவாகப் பிடிக்கிறது என்று வையுங்கள். ரயில் 278 மீட்டரில் போய் நிற்கும். 28 மீட்டர் பிசகு! ஒரு பெட்டியின் நீளமே ஏறத்தாழ 20 மீட்டர்தான். முதல் பெட்டியின் கதவுகள் சுரங்கச் சுவரைப் பார்த்துத் திறக்கும்.

பிரேக் கேட்டபடியே பிடிக்கிறது, ஆனால் அரை நொடி தாமதித்துப் பிடிக்கிறது என்றால்? அங்கே 10 மீட்டர் போய்விடும்.

பிரேக் எப்போதும் கேட்டபடி பிடிப்பதில்லை என்பதுதான் நிஜம். காலை நெரிசலில் ஒரு பெட்டியில் 150 பேர் கூடுதலாக ஏறினால் எடை ஒன்பது டன்னுக்குக் குறையாமல் கூடும். பெட்டியைத் தாங்கும் காற்றுப் பைகளின் அழுத்தத்தை அளந்து எடையைக் கண்டுபிடித்துவிடலாம். பிரேக் கட்டையின் சூட்டையோ, தண்டவாளத்தின் ஈரத்தையோ அப்படி அளக்க முடியாது. மோட்டாரையே மின்னாக்கியாக மாற்றி வேகத்தைக் குறைக்கும் மின்பிரேக்கிலும் சிக்கல் உண்டு. அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அருகில் வேறொரு ரயில் ஓடவில்லை என்றால் அதன் பிடி தளரும். அப்போது காற்றுப் பிரேக் வந்து அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். நிலையத்துக்குள் நுழைந்து வேகம் நடை வேகத்துக்கு இறங்கும்போதும் இதே கைமாற்றம் நடக்கும். அந்தக் கணத்தில் பிடி கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

இன்னொரு சிக்கல் இதைவிட அடிப்படையானது. தான் எங்கே இருக்கிறோம் என்பது ரயிலுக்குத் தெரிய வேண்டுமே!

சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணித்தான் ரயில் தூரத்தை அறிகிறது. சக்கரமோ தேய்ந்துகொண்டே இருக்கும் பொருள். 86 சென்டிமீட்டர் விட்டம் என்று கணினி நம்பிக்கொண்டிருக்கும் சக்கரம் தேய்ந்து 85 ஆகியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் 3 சென்டிமீட்டர் பொய்க்கணக்கு சேரும். ஒரு கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் பிசகு 11 மீட்டரைத் தாண்டிவிடும். ஆகவே நிலையத்துக்கு முன்னால் தண்டவாளங்களுக்கு நடுவே சில கருவிகளைப் பதித்து வைக்கிறார்கள். ரயில் மேலே கடக்கும்போது, நிற்க வேண்டிய இடம் இன்னும் எத்தனை மீட்டர் என்பதை அவை சொல்லும். ரயில் அதுவரை வைத்திருந்த கணக்கை அழித்துவிட்டுப் புதுக்கணக்கைத் தொடங்கும்.

தூரம் இப்படிச் சரியாகிவிடுகிறது. பிரேக்கின் குணம் மட்டும் கடைசிவரை பிடிபடாமலேயே இருக்கிறது.

ஓயாமல் திருத்திய இயந்திரம்

அன்றைய தானியங்கி முறைகள் இந்தச் சிக்கலை ஒரே விதமாகத்தான் அணுகின. நிறுத்தப் புள்ளியிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு மீட்டரிலும் ரயிலின் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு வளைகோடு வரைந்துகொள்வார்கள். ஓடும் ரயிலின் வேகம் அந்தக் கோட்டுக்கு மேலே போனால் பிரேக்கைக் கூட்டு. கீழே வந்தால் தளர்த்து. விலகல் எவ்வளவோ திருத்தமும் அவ்வளவு.

காகிதத்தில் பிழை சொல்ல முடியாத முறை. ஆலைகளில் கொதிகலனையும் குழாய் அழுத்தத்தையும் இப்படித்தான் ஆண்டார்கள், இன்றும் ஆள்கிறார்கள்.

ரயிலில் வந்த சிக்கல் தாமதம். பிரேக்கைக் கூட்டச் சொன்னதும் காற்று குழாயில் ஓடி, உருளைகளை நிரப்பி, கட்டைகள் சக்கரத்தை அழுத்த நேரம் பிடிக்கிறது. அதற்குள் இயந்திரம் வேகம் இன்னும் குறையவில்லை என்று மேலும் கூட்டிவிடும். பிறகு இரண்டும் சேர்ந்து பிடிக்கும். வேகம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். உடனே தளர்த்தும். மறுபடி கூட்டும். அந்த 25 நொடிகளில் பிரேக் படி மாறிக்கொண்டே இருக்கும்; நிற்பவர்கள் முன்னும் பின்னுமாக ஆடுவார்கள்.

பிரேக் படியை ரயில்வேக்காரர்கள் நாட்ச் என்பார்கள். கைப்பிடியை நகர்த்தும்போது ‘டக்’ என்று விழும் ஒவ்வொரு இடமும் ஒரு நாட்ச்.

ஒரு நல்ல ஓட்டுநர் என்ன செய்கிறார்? அவர் எந்த வளைகோட்டையும் துரத்துவதில்லை.

ஜப்பானிய ஓட்டுநர் அறையைச் சற்று எட்டிப் பாருங்கள். வெள்ளைக் கையுறை அணிந்த விரல் சிக்னலைச் சுட்டும். வாய் அதை உரக்கச் சொல்லும். வேகமானியைச் சுட்டும், அதையும் சொல்லும். நிலையம் கண்ணில் பட்டதும் கைப்பிடி ஒரு நாட்சில் விழும். பிறகு அவர் காத்திருக்கிறார். ரயில் எப்படிக் குறைகிறது என்று உடம்பால் உணர்கிறார். இப்படியே விட்டால் எங்கே போய் நிற்கும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார். கொஞ்சம் தள்ளி நிற்கும் போலிருந்தால் ஒரு நாட்ச் கூட்டுகிறார். சரியாக வரும் போலிருந்தால் கையை அசைப்பதே இல்லை. கடைசியில், நிற்பதற்குச் சற்று முன், பிரேக்கைத் தளர்த்துகிறார். நிற்கும் நொடியில் பயணிகளை முன்னே தள்ளும் அந்த உதறல் வராமல் போவது இதனால்தான்.

இதில் எங்கேயும் துல்லியமான எண்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘கொஞ்சம் தள்ளி’, ‘போலிருந்தால்’, ‘சரியாக வரும்’. இவ்வளவுதான் அவருடைய மொழி. ஆனாலும் குறியிட்ட இடத்தில் ரயிலைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்.

இந்த மொழியைக் கணினிக்கு எப்படிக் கற்றுத் தருவது?

பசிபிக்கின் மறுகரையில்

விடைக்கான விதை 1965லேயே விழுந்திருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர் லோட்ஃபி சாதே. பாக்கு நகரில் பிறந்தவர். அந்த ஆண்டு அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு பொருள் ஒரு தொகுதியில் இருக்கிறது, அல்லது இல்லை என்பதுதான் அதுவரை கணிதம். சாதே மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார்: ஓரளவுக்கு இருக்கலாம். அந்த அளவைப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஓர் எண்ணாகக் குறிக்கலாம்.

நம் சமையலறையில் ‘உப்பு ஒரு கல் தூக்கல்’ என்கிறோமே, அந்தப் பேச்சுக்கு ஒரு கணிதம் கட்டியதைப் போன்றது இது. ஃபஸ்ஸி லாஜிக் என்று அதற்குப் பெயர் வந்தது.

அமெரிக்காவில் அதற்கு நல்ல வரவேற்பில்லை. கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் ருடால்ஃப் கால்மன். அவரை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நிலவுக்குப் போன அப்போலோ விண்கலங்களுக்கு வழிகாட்டிய கணிதத்தில் அவர் பெயரால் வழங்கும் முறைக்கு முக்கிய இடம் உண்டு. பல ஆண்டுகள் உழைத்து அடைந்த துல்லியத்தைக் கைவிட்டு இப்படி ஒரு மழுப்பலை அறிவியலுக்குள் கொண்டுவருவதா என்ற எதிர்ப்பு அது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான் என்பது என் எண்ணம். 1965ல் சாதேயின் கையில் காட்டுவதற்கு ஓர் இயந்திரமும் இல்லை.

முதல் இயந்திரம் 1970களின் நடுவில் லண்டனில் ஓடியது. குவீன் மேரி கல்லூரியில் இப்ராஹிம் மம்தானியும் அவர் மாணவர் அசிலியானும் ஒரு சிறிய நீராவி எஞ்சினை எடுத்துக்கொண்டார்கள். அழுத்தம் கொஞ்சம் அதிகமாக இருந்தால் சூட்டைக் கொஞ்சம் குறை என்பது போன்ற விதிகளை மட்டும் கணினிக்குக் கொடுத்தார்கள். எஞ்சின் சீராக ஓடியது.

ஆனால் ஆய்வுக்கூடத்து நீராவி எஞ்சின் தவறினால் யாருக்கும் எதுவும் ஆகாது. ரயில் அப்படியா?

கவாசாகியில் இருவர்

ஹிட்டாச்சி நிறுவனத்தின் கவாசாகி ஆய்வகத்தில் செய்ஜி யாசுனோபுவும் ஷோஜி மியாமோட்டோவும் தொடங்கிய இடம் ஓட்டுநரின் இருக்கை. அனுபவசாலி ஓட்டுநர்கள் ரயிலை எப்படி ஓட்டுகிறார்கள், எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்பதை விதிகளாக எழுதினார்கள்.

திருப்புமுனை என்று நான் கருதுவது இதைத்தான். மம்தானியின் விதிகள் நடந்து முடிந்ததைப் பார்த்துத் திருத்தின. யாசுனோபுவும் மியாமோட்டோவும் அந்த வரிசையை மாற்றினார்கள். அவர்களுடைய கணினி பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே விளைவைக் கணித்துப் பார்த்தது.

ஓடும் ரயிலின் வேகம் தெரியும், மீதித் தூரம் தெரியும். இப்போதைய நாட்சை அப்படியே விட்டால் ரயில் எங்கே நிற்கும்? ஒரு நாட்ச் கூட்டினால்? இரண்டு கூட்டினால்? ஒன்று குறைத்தால்? ஒவ்வொரு வழிக்கும் கணினி ஓர் எதிர்காலத்தை ஓட்டிப் பார்க்கும். பிறகு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும். பாதுகாப்பு, பயணச் சொகுசு, மின்சிக்கனம், வேகம், ஓடும் நேரம், நிற்கும் துல்லியம் என்று ஓட்டுநரின் மனதில் ஓடும் அத்தனை கவலைகளுக்கும் மதிப்பெண் உண்டு. ‘நன்றாக நிற்கும்’, ‘துல்லியமாக நிற்கும்’ என்பவை ஆம், இல்லை என்ற விடைகளாக இல்லாமல் அளவுகளாகக் கணக்கில் சேரும். சாதேயின் கணிதம் வேலைக்கு வந்தது இங்கேதான். மொத்தத்தில் எந்த வழி மேலோ, அந்த நாட்சை ரயில் எடுக்கும். அடுத்த கணம் மறுபடியும் முதலிலிருந்து இதே கணக்கு.

விதிகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். நாட்சை மாற்றாமல் விட்டாலே ரயில் நல்லபடி நிற்கும் என்றால், நாட்சை மாற்றாதே.

அதாவது, எதையும் தொடாதே.

பழைய முறைக்கு இப்படி ஒரு விதி இல்லை. சிறு விலகலைக் கண்டாலும் அது எதையாவது செய்தாக வேண்டும். ஓட்டுநரின் கை அசையாமல் இருப்பதும் ஒரு திறமை என்பதை இந்த இருவரும் கண்டு, அதற்கு ஒரு சூத்திரமும் எழுதினார்கள். நாட்ச் மாற்றங்கள் குறைந்தன; ஆட்டம் குறைந்தது. மோட்டாரும் பிரேக்கும் மாறி மாறி இழுபடாததால் மின்சாரமும் மிச்சமானது.

நிலையத்திலிருந்து நிலையம்வரை வேகத்தைக் காக்கும் விதிகள் ஒரு தொகுதி. நிறுத்தும் விதிகள் தனியே இன்னொரு தொகுதி. நிலையத்துக்கு முன்னால் உள்ள குறியைக் கடந்ததும் முதல் தொகுதி ஒதுங்கிக்கொள்ளும், இரண்டாவது பொறுப்பேற்கும்.

யார் காவல்?

மழுப்பலான விதிகளை நம்பி ஆயிரக்கணக்கான பயணிகளை எப்படி ஒப்படைத்தார்கள் என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

தானியங்கி ரயிலில் இரண்டு மூளைகள் உண்டு. ஒன்று ஓட்டுவது, இதை ஏடிஓ என்பார்கள். மற்றது காவல் காப்பது, அது ஏடிசி. முன்னால் வேறு ரயில் நிற்கிறதா, இந்த இடத்தில் அனுமதித்த வேகம் என்ன என்பதைத் தண்டவாளம் வழியாக அறிந்து, மீறினால் கேள்வி கேட்காமல் பிரேக்கைப் போடுவது ஏடிசியின் வேலை. யாசுனோபுவும் மியாமோட்டோவும் எழுதியது முதல் மூளைக்கு. இரண்டாவது மூளையில் ‘ஓரளவு’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஆம், இல்லை மட்டும்தான்.

இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காவலாளி பார்ப்பது வேகத்தை. பிரேக் உண்மையில் பிடிக்குமா, தண்டவாளம் வழுக்குமா என்பது அதற்கு முன்கூட்டியே தெரியாது.

1987 ஜூலை 15

டோக்கியோவுக்கு வடக்கே, மியாகி மாநிலத்தின் தலைநகரம் செண்டாய். 1976ல் டிராம் வண்டிகளை நிறுத்திவிட்ட நகரம் அது. பெருகும் மக்களுக்காக வடக்கு தெற்காக ஒரு சுரங்க ரயில் தடம் வெட்டியது. யாவோடோமே முதல் டோமிசாவா வரை 13.6 கிலோமீட்டர். நான்கு பெட்டிகள் கொண்ட ரயில்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஊழியர்.

1987 ஜூலை 15 அன்று தடம் திறக்கப்பட்டது. ஓட்டுநர் கதவுகளை மூடி, கிளம்பும் பொத்தானை அழுத்தினார். மற்றதை ரயில் பார்த்துக்கொண்டது. பயணிகள் உணர்ந்தது, தாங்கள் உணராமல் போனதைத்தான். நின்றது தெரியாமல் நின்றது என்ற பெயர் அந்த ரயிலுக்கு உலகெங்கும் பரவியது.

ஐந்தே நாளில், ஜூலை 20 அன்று, டோக்கியோவில் ஃபஸ்ஸி ஆய்வாளர்களின் இரண்டாவது உலக மாநாடு கூடியது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கப்பட்டவர்களிடம் இப்போது ஒரு நகரமே பதிலாக இருந்தது.

அதன் பிறகு ஜப்பானில் ஓர் அலை எழுந்தது. சலவை இயந்திரம், கேமரா, சோறு வடிக்கும் குக்கர் என்று எல்லாவற்றிலும் ஃபஸ்ஸி என்ற பெயர் ஏறியது. 1990களில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்த வாஷிங் மெஷின்களின் முகப்பிலும் அதைப் படித்திருப்பீர்கள்.

அந்தப் பெயர் பெற்ற புகழில் பாதியாவது ‘முன்கணிப்பு’ என்ற எளிய யோசனைக்குப் போயிருக்க வேண்டும் என்பேன். ரயிலை மென்மையாக நிறுத்தியதில் சாதேயின் கணிதத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அடிப்படை, அந்த இருவரும் ஓட்டுநரை மதித்ததுதான். ஓட்டுநரின் கையிலும் கண்ணிலும் இருந்த அறிவை அவர்கள் அறிவென்று ஒப்புக்கொண்டார்கள், அதை எழுதி எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் இயந்திரம் கற்றது.

அதே 1987 நவம்பர் 7 அன்று சிங்கப்பூரிலும் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. அங்கே சுரங்க நிலையங்களின் நடைமேடை விளிம்பில் கண்ணாடிக் கதவுகள் இருந்தன. ரயிலின் கதவும் நடைமேடையின் கதவும் நேருக்கு நேர் வந்தால்தான் திறக்க முடியும். துல்லியமாக நிற்பது அங்கே வெறும் வசதி இல்லை. கட்டாயம்.

வானம் தெரியும் தடம்

இதுவரை நாம் பார்த்தவற்றில் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் நடந்தது. அங்கே மழை இல்லை, பனி இல்லை. தண்டவாளம் பெரும்பாலும் ஒரே குணத்தோடு இருக்கும்.

எல்லாத் தடங்களும் சுரங்கத்துக்குள்ளேயே முடிவதில்லை.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் மெட்ரோ 1976ல் பிறந்தபோதே தானியங்கி. அதன் சிவப்புத் தடம் நகரத்துக்கு அடியில் ஓடி, மேரிலாந்துப் பக்கம் வெளியே வந்து, ஷேடி குரோவ் என்ற கடைசி நிலையத்தில் திறந்தவெளியில் முடிகிறது. மழையிலும் பனியிலும் ஓட்டுநர்கள் தானியங்கியை விலக்கிவிட்டுத் தங்கள் கையால் நிறுத்துவது அங்கே வழக்கமாக இருந்தது. ஆனால் கையால் பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் இறுகிச் சறுக்கி, வட்டம் தேய்ந்து தட்டையாகின்றன என்று நிர்வாகம் கருதியது. 1995ன் இறுதியில் ஓர் உத்தரவு வந்தது. வானிலை எப்படி இருந்தாலும் தானியங்கியிலேயே ஓட்ட வேண்டும். கையால் ஓட்டக் கூடாது.

1996 ஜனவரி 6, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் கிழக்குக் கரையின் பெரும்பகுதியை மூடப்போகும் பெரும் பனிப்புயல் தொடங்கிவிட்டது. தண்டவாளத்தின் மேல் பனி படிந்துகொண்டிருந்தது. நான்கு பெட்டி ரயில் ஒன்று ஷேடி குரோவை நோக்கி வந்தது. நடைமேடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், அதே தடத்தில், ஒரு காலி ரயில் நின்றுகொண்டிருந்தது.

ஓட்டுநர் அறையில் அனுபவம் இருந்தது. பிரேக் கைப்பிடியும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் தொடும் உரிமை மட்டும் இல்லை.

அந்த ரயில் நடைமேடையில் நின்றதா?

*(அடுத்த வாரம்: ஷேடி குரோவ்)*